வாயாடிப் பூனையோடு குடித்தனம்

பூனை என்றால் சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் போகிற பிராணி என்று நினைப்பவர்கள் ஒரு நாள் எங்கள் வீட்டில் வந்து தங்க வேண்டும். எங்கள் பூனையின் பெயர் கிளி. அதன் வாய்க்காக வைத்த பெயர்தான். அறைக்குள் நுழைந்தால் ஒரு குரல், வெளியே போனால் ஒரு குரல், மணல் டப்பாவில் வேலை முடிந்தால் அதற்கென்று தனியாக ஒரு வெற்றி முழக்கம். கதவு மூடியிருந்தால் திறக்கச் சொல்லும். திறந்தால், இவ்வளவு நேரம் என்ன செய்தாய் என்று கேட்கும். அப்புறம் உள்ளே வராது.

வீட்டுக்கு வருகிறவர்கள் சொல்வது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. "பாவம், அதுக்கு என்னமோ குறை" என்பார்கள். இல்லாவிட்டால் "செல்லம் குடுத்துக் கெடுத்துட்டீங்க" என்பார்கள். சில சமயம் இரண்டுமே சரியாக இருக்கலாம். ஆனால் இரு தரப்புக்கும் அது எப்படியாவது நிறுத்த வேண்டிய ஒரு சத்தம், அவ்வளவுதான். அதைவிட மோசமான காரியத்தைப் பூனை வளர்க்கிற நாமே செய்கிறோம். "அது அப்படித்தான், வாயாடி" என்று சிரித்துவிட்டு, என்ன கேட்கிறது என்று கவனிப்பதையே விட்டுவிடுகிறோம். இந்தப் பதிவு முக்கியமாக அப்படிச் சிரித்துவிடுகிற நமக்குத்தான்.

ஒரு விஷயம் தெரிந்தால் பாதி எரிச்சல் போய்விடும். வளர்ந்த பூனைகள் ஒன்றுக்கொன்று மியாவ் சொல்லிக்கொள்வது அபூர்வம். வால், காது, பார்வை, வாசனை என்று அவற்றுக்குள் காரியம் முடிந்துவிடுகிறது. சண்டை என்றால் சீறலும் உறுமலும் வரும், இணை தேடும் நேரத்தில் அந்த அடிவயிற்று ஓலம் வரும். மியாவ் என்பது குட்டி தன் தாயைக் கூப்பிடுகிற குரல். மனிதர்களோடு வாழும் பூனை வளர்ந்த பிறகும் அதை விடாமல் வைத்துக்கொண்டு நம்மிடம் பயன்படுத்துகிறது. அதன் பக்கம் நின்று யோசித்தால் நியாயமாகத்தான் படுகிறது. நமக்கு வாலைப் படிக்கத் தெரியாது, வாசனை எட்டாது, போதாததற்குக் கண் முழுக்க செல்போனில். குரல் கொடுத்தால்தான் திரும்பிப் பார்க்கிறோம்.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் நிகோலஸ் நிகாஸ்ட்ரோ என்பவர் வீட்டுப் பூனைகளின் மியாவையும், அவற்றின் மூதாதை வழியான ஆப்பிரிக்கக் காட்டுப்பூனைகளின் மியாவையும் பதிவு செய்து மனிதர்களுக்குப் போட்டுக் காட்டினார். 2004ல் அந்த ஆய்வு வெளியானது. வீட்டுப் பூனையின் குரல் நீளம் குறைந்ததாக, சுருதி கூடியதாக இருந்தது. கேட்டவர்கள் அதைத்தான் காதுக்கு இதமானது என்றார்கள். அதிகாலை நான்கு மணிக்குப் போட்டுக் காட்டியிருந்தால் முடிவு வேறு மாதிரி வந்திருக்கும் என்பது என் தாழ்மையான கருத்து.

சரி, இதமோ இல்லையோ, புரிகிறதா? 1944லேயே மில்ட்ரெட் மோல்க் என்ற ஆய்வாளர் வீட்டுப் பூனைகளின் ஒலிகளைக் காதால் கேட்டே 16 வகையாகப் பிரித்து எழுதிவைத்தார். வாயை மூடியபடி எழுப்புபவை, வாயைத் திறந்து மெல்ல மூடும்போது வருபவை, வாயை விறைப்பாகத் திறந்து வைத்தே கத்துபவை என்று மூன்று குடும்பங்கள். இதைப் படித்த பிறகு கிளியின் வாயைப் பார்த்துக்கொண்டே கேட்க ஆரம்பித்தேன். நிறையத் தெளிவானது. மூடிய வாயிலிருந்து வரும் அந்தச் சின்ன "ப்ர்ர்" வெறும் வணக்கம். தாய்ப்பூனை குட்டிகளிடம் வரும்போது கொடுக்கும் குரலும் அதே ரகம்தான். ஜன்னலுக்கு வெளியே பறவையைப் பார்த்துத் தாடை நடுங்க "கெகெகெ" என்று கொட்டுவது நம்மை நோக்கியதே இல்லை. அதற்கு எழுந்து போய் என்னவென்று விசாரிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

மியாவ்தான் சிக்கல். நிகாஸ்ட்ரோவும் மைக்கேல் ஓவ்ரனும் 2003ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், வெவ்வேறு சூழ்நிலைகளில் பதிவான மியாவ்களைக் கேட்டு எது எந்தச் சூழ்நிலை என்று மனிதர்கள் சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொல்வதைவிடக் கொஞ்சம்தான் தேறினார்கள். பூனைகளோடு பழகியவர்கள் சற்று மேல், அவ்வளவே. அதாவது பூனைகளுக்கெல்லாம் பொதுவான மியாவ் அகராதி என்று ஒன்றும் நம் கையில் இல்லை. ஒவ்வொரு பூனையும் தன் வீட்டு ஆட்களிடம் எது பலித்ததோ அதை வைத்துக்கொள்கிறது. ஆகவே மியாவை மொழிபெயர்த்துத் தருவதாகச் சொல்லும் செயலிகளை நான் ஜோசியத்தோடுதான் சேர்ப்பேன். குரல் வரும்போது பூனை எங்கே நிற்கிறது, எதைப் பார்க்கிறது, வால் எப்படி இருக்கிறது, கடைசியாக எப்போது சாப்பிட்டது என்று பார்த்தாலே அந்தச் செயலியைவிட அதிகம் தெரிந்துவிடும்.

குர்குர் என்பது திருப்தியின் சத்தம் மட்டும்தான் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு செய்தி. சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் கேரன் மெக்கோம்ப் தன் சொந்தப் பூனை காலையில் எழுப்புகிற விதத்தைக் கவனித்துத்தான் ஓர் ஆய்வுக்கே போனார். 2009ல் வந்த அதன் முடிவு: சாப்பாடு கேட்கும்போது சில பூனைகள் வழக்கமான தாழ்ந்த குர்குருக்குள் அழுகை போன்ற ஒரு கீச்சு ஒலியைப் புதைத்துவிடுகின்றன. அதன் அலைவரிசை கைக்குழந்தையின் அழுகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பூனையே வளர்க்காதவர்கள்கூட அதைக் கேட்டதும் "இது அவசரம்" என்றார்கள். கிளிக்கு இந்த வித்தை நன்றாகவே தெரியும். மியாவுக்கு அசையாத ஆட்கள்கூட இதற்கு எழுந்துவிடுகிறார்கள்.

இப்போது அந்த அதிகாலை நான்கு மணிக்கு வருவோம். வாயாடிப் பூனை வைத்திருக்கும் யாரோடு பேசினாலும் பேச்சு கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். பூனை விடியலிலும் அந்தியிலும் சுறுசுறுப்பாகும் பிராணி, அதை மாற்ற முடியாது. ஆனால் அந்த நேரத்தில் நம் தலைமாட்டில் வந்து கத்துவது இயற்கை இல்லை, நாம் கற்றுக்கொடுத்தது. ஒரு நாள் தாங்க முடியாமல் எழுந்து தட்டில் கொஞ்சம் போட்டோம். மறுநாள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தோம். அதற்கடுத்த நாள் திரும்பவும் எழுந்தோம். எப்போதாவது பலிக்கிற காரியத்தைத்தான் எந்தப் பிராணியும் விடாமல் செய்யும். சூதாட்ட இயந்திரத்தின் முன்னால் மனிதன் உட்கார்ந்தே கிடப்பதும் இதே கணக்கில்தான். வீட்டில் ஒருவர் கல்நெஞ்சாக இருந்து இன்னொருவர் இளகினாலும் விளைவு இதுதான். எங்கள் வீட்டில் இளகுகிறவர் யார் என்று இங்கே எழுதினால் வேறு பிரச்சினை வரும்.

நிறுத்துவது என்று முடிவு செய்தால் முழுசாக நிறுத்த வேண்டும். "சும்மா இரு" என்று அதட்டுவதும் பதில்தான், தலையணையைத் தூக்கி எறிவதும் பதில்தான். இன்னொன்றையும் முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: பதிலே வராவிட்டால் முதலில் கத்தல் கூடும், குறையாது. இதுவரை பலித்தது ஏன் பலிக்கவில்லை என்று இன்னும் பலமாக முயன்று பார்க்கும். பெரும்பாலானவர்கள் சரணடைவது அந்தக் கட்டத்தில்தான். அப்போது எழுந்தால், இந்த அளவுக்குக் கத்தினால்தான் வேலை நடக்கும் என்று பாடம் எடுத்தது போல ஆகிவிடும். தூங்கப் போகும் முன் நன்றாக ஓடவிட்டு விளையாட்டுக் காட்டி, அதற்குப் பிறகு சாப்பாடு கொடுப்பது எங்களுக்கு உதவியது. நேரம் வைத்தால் தானாகத் திறந்து சாப்பாடு கொடுக்கும் டப்பாவும் நல்ல ஏற்பாடு. பூனை நம்மை விட்டுவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்து கத்தும். அந்த டப்பாவுக்குத் தூக்கம் கெடாது.

முகத்தில் தண்ணீர் அடிப்பது, அறைக்குள் போட்டுப் பூட்டுவது போன்ற யோசனைகளை யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். எதற்காகத் தண்ணீர் விழுந்தது என்று பூனை யோசிக்காது, யார் கையிலிருந்து விழுந்தது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும். ஆபரேஷன் செய்து குரலையே எடுத்துவிடும் கொடுமையும் உலகத்தில் உண்டு. செல்லப்பிராணிகளைப் பாதுகாக்க 1987ல் உருவான ஐரோப்பிய உடன்படிக்கை அதைத் தடை செய்கிறது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு மனமில்லை.

மேலே சொன்ன பயிற்சியெல்லாம் உடம்பு நன்றாக இருக்கும் பூனைக்குத்தான். "வாயாடி" என்ற பட்டம் ஆபத்தாவது இங்கேதான். எப்போதும் பேசாத பூனை ஒரு நாள் கத்தினால் வீடே பதறும். எப்போதும் பேசும் பூனை வலியில் கத்தினால் "ஆரம்பிச்சுட்டா" என்று டிவி சத்தத்தைக் கூட்டுவோம். கவனிக்க வேண்டியது எவ்வளவு கத்துகிறது என்பதைவிட, என்ன மாறியிருக்கிறது என்பதை. புதிய குரலா? புதிய நேரமா? புதிய இடமா?

ஆண் பூனை மணல் டப்பாவில் திரும்பத் திரும்பப் போய் உட்கார்ந்து, முக்கி, கத்தி, சிறுநீர் வராமல் எழுந்து வந்தால் அன்றைக்கே, அந்த மணிக்கே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். சிறுநீர்ப் பாதை அடைத்துக்கொண்டால் ஒன்றிரண்டு நாளில் உயிரே போய்விடும். வயதான பூனை நிறையச் சாப்பிட்டும் இளைத்து, நிலைகொள்ளாமல் அலைந்து, ராத்திரியில் கத்தினால் தைராய்டு அதிகமாகச் சுரக்கிறதா என்று இரத்தப் பரிசோதனையில் பார்க்க வேண்டும். உயர் இரத்த அழுத்தம், மூட்டு வலி, காது மந்தமாவது இவையும் கத்தலைக் கூட்டும். காது கேட்காத பூனைக்குத் தன் குரல் எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதே தெரியாது. அப்புறம் முதுமை மறதி. பூனைகளுக்கும் அது வரும். நடு ராத்திரியில் பழகிய அறையின் மூலையில் நின்று, வழி தெரியாதது போல நீளமாக ஓலமிடும். இதில் பலவற்றுக்கு மருந்து இருக்கிறது. முதுமை மறதிக்கு முழுத் தீர்வு இல்லாவிட்டாலும், ராத்திரியில் ஒரு சின்ன விளக்கும், இடம் மாற்றாத தட்டும், மணல் டப்பாவும் அதன் பயத்தைக் குறைக்கும். கருத்தடை செய்யாத பெண் பூனை தரையில் புரண்டு புரண்டு ஓலமிட்டால் அது நோய் இல்லை, பருவம். கருத்தடை செய்துவிட்டால் அந்தக் குரல் நின்றுவிடும்.

உடம்பு சரி, வயிறும் சரி, பிறகும் பேசுகிறது என்றால்? பதில் பேசுங்கள் என்பதுதான் என் கட்சி. சயாமீஸ் வழிப் பூனைகளுக்குப் பேச்சு பிறவிக்குணம். எந்த இனம் என்றே தெரியாத நம் வீட்டுப் பூனைகளிலும் அப்படிச் சில வந்து பிறக்கும். பூனை நம் குரலைப் பொருட்படுத்தாது என்பதும் பொய். தன்னை வளர்ப்பவரின் குரலை அந்நியர் குரலிலிருந்து பூனை பிரித்தறியும் என்று ஜப்பானில் அட்சுகோ சைட்டோவின் 2013 ஆய்வு காட்டியது. திரும்பிப் பார்க்காது, காதை மட்டும் அசைக்கும், அது வேறு விஷயம். 2022ல் பாரிஸ் நான்டேர் பல்கலைக்கழகத்தில் ஷார்லோட் தெ மூசோன் செய்த ஆய்வில், வளர்ப்பவர் பூனையிடம் கொஞ்சும் தொனிக்கும் மனிதர்களிடம் பேசும் தொனிக்கும் உள்ள வித்தியாசம் பூனைகளுக்குத் தெரிந்தது. யாரோ ஒருவர் அதே மாதிரி கொஞ்சியபோது அவை கண்டுகொள்ளவில்லை. ஆகவே "பூனைகிட்ட போய்ப் பேசிக்கிட்டு இருக்கியே" என்று யாராவது கேலி செய்தால், அது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது என்று சொல்லலாம்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். வீட்டில் ஊரைக் கூட்டும் பூனை மருத்துவரின் மேஜை மேல் வைத்தவுடன் ஊமையாகிவிடும். "ராத்திரியெல்லாம் கத்துது டாக்டர்" என்று நாம் சொல்ல, அது பரம சாதுவாக அவரைப் பார்க்கும். எனவே குரலில் மாற்றம் தெரிந்தால் உடனே செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள். பூனை நிற்கும் இடமும் உடம்பும் தெரிகிற மாதிரி, நேரத்தோடு. காட்டுவதற்கு முன்னால் ஒருமுறை நீங்களே போட்டுக் கேட்டுவிடுங்கள். பின்னணியில் நீங்கள் அதனிடம் என்ன குரலில் பேசியிருக்கிறீர்கள் என்பதும் அதில் பதிவாகியிருக்கும். மருத்துவர்கள் அதற்கெல்லாம் பழகியவர்கள்தான், ஆனாலும்.