யஷ்வந்த் சின்ஹா அந்த நாற்காலிக்குப் பொருத்தமானவரா?

2022 குடியரசுத் தலைவர் தேர்தல் என்றாலே தோல்விக் கணக்கைத்தான் பேசுகிறோம். வாக்கு மதிப்பில் பா.ஜ.க. கூட்டணியின் திரௌபதி முர்முவுக்கு 6,76,803, எதிர்க்கட்சிகளின் பொது வேட்பாளர் சின்ஹாவுக்கு 3,80,177. ஜெயித்திருந்தால் அந்தப் பதவிக்கு அவர் எப்படி இருந்திருப்பார் என்பதையும் பேச வேண்டும். எதிர்க்கட்சிகள் அடுத்த முறை ஆள் தேடும்போது உதவும்.

நம் குடியரசுத் தலைவருக்கு உள்ள உண்மையான அதிகாரம் ஒன்றுதான்: கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புவது. அமைச்சரவையின் ஆலோசனையை 74ஆவது பிரிவின்படி ஒருமுறை திருப்பலாம். பண மசோதா அல்லாத மசோதாவை 111ஆவது பிரிவின்படி ஒருமுறை திருப்பலாம். மறுபடி வந்தால் ஒப்புதல் தந்தே ஆக வேண்டும். ஆகவே ஃபைலைப் படிக்கத் தெரிய வேண்டும். திருப்பி அனுப்பினால், 'கட்சிக்காகச் செய்கிறார்' என்று யாரும் சொல்ல முடியாதவராகவும் இருக்க வேண்டும்.

முதல் தகுதி சின்ஹாவிடம் தாராளமாக இருந்தது. 1960 பேட்ச் ஐ.ஏ.எஸ்., 24 வருட சர்வீஸ். இரண்டு பிரதமர்களிடம் நிதியமைச்சர், பிறகு வெளியுறவு அமைச்சர். மாலை 5 மணிக்கு பட்ஜெட் வாசிக்கும் வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கத்தை 1999இல் காலை 11 மணிக்கு மாற்றியவர். அணுகுண்டுச் சோதனைக்குப் பின் பொருளாதாரத் தடைகள் வந்த 1998இல், வெளிநாட்டு இந்தியர்களிடம் பத்திரம் விற்று 400 கோடி டாலருக்கு மேல் திரட்டியதும் அவர் காலத்தில்தான். குறையும் உண்டு. 2001 ஜூலையில் பொதுத்துறை பரஸ்பர நிதி நிறுவனமான யூ.டி.ஐ.யின் யூ.எஸ்-64 முதலீட்டுத் திட்டம் முடங்கி, சிறு சேமிப்பாளர்கள் தவித்தபோது நிதியமைச்சர் அவர்தான். பட்ஜெட் அறிவிப்புகளை அடிக்கடி வாபஸ் வாங்கியதால் 'ரோல்பேக் சின்ஹா' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது.

சறுக்கியது இரண்டாவது தகுதியில். அவர் இருந்த கட்சிகள்: ஜனதா, ஜனதா தளம், சந்திரசேகரின் கட்சி, பா.ஜ.க., கடைசியில் 2021இல் திரிணமூல். 2018இலிருந்து மோடி அரசை நேருக்கு நேர் எதிர்த்தவர், ரஃபேல் போர் விமானக் கொள்முதல் வழக்கில் மனுதாரர். அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் ஒரு மசோதாவைத் திருப்பியிருந்தால், என்ன கேள்வி கேட்டார் என்று யார் பார்த்திருப்பார்கள்? பழைய பகை என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள்.

முன்னாள் குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணனைப் பாருங்கள். அவரும் காங்கிரஸ் அமைச்சராக இருந்தவர்தான். ஆனால் இடையில் ஐந்து வருடம் துணைக் குடியரசுத் தலைவராக, ராஜ்யசபையை நடத்திய நடுவராக இருந்தார். 1997இல் உத்தரப் பிரதேச ஆட்சியைக் கலைக்கச் சொன்ன குஜ்ரால் அரசின் பரிந்துரையைத் திருப்பினார். 1998இல் பீகார் விஷயத்தில் வாஜ்பாய் அரசின் பரிந்துரையையும் திருப்பினார். இரண்டு அரசுகளும் அப்போது பின்வாங்கின. அந்த வாஜ்பாய் அமைச்சரவையில் சின்ஹாவும் இருந்தார்! ஒரு குடியரசுத் தலைவர் திருப்பி அனுப்புவதன் பலத்தை உள்ளிருந்தே பார்த்தவர் அவர்.

தேர்வு நடந்த விதமும் கைகொடுக்கவில்லை. சரத் பவார், ஃபரூக் அப்துல்லா, கோபாலகிருஷ்ண காந்தி மூவரும் மறுத்த பிறகே இவர் பெயர் வந்தது. இந்தத் தேர்தலில் கொறடா உத்தரவு கிடையாது, ரகசிய வாக்கு. இழுக்க வேண்டியது பிஜு ஜனதா தளம், ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் போன்ற நடுவில் நிற்கும் கட்சிகளை. மோடி எதிர்ப்பையே அடையாளமாகக் கொண்டவரை அவர்கள் ஏற்க வழியில்லை. சந்தால் பழங்குடிப் பெண் முர்மு என்று அறிவிப்பு வந்த பிறகு, சின்ஹா எம்.பி.யாக இருந்த ஜார்க்கண்டில் காங்கிரஸோடு சேர்ந்து ஆண்ட முக்தி மோர்ச்சாவே அந்தப் பக்கம் போனது. முன்பே சொல்லியிருந்தால் முர்முவைப் பற்றி யோசித்திருப்போம் என்று மம்தாவே வாக்குப்பதிவுக்கு முன் பேசினார். தன் கட்சியிலிருந்து போன வேட்பாளரை அவரே பாதி வழியில் கைவிட்டது எனக்கு இன்றும் ஏற்கவில்லை.