சென்சார் வைத்தால் பழைய மரம் உளுத்துப்போகுமா?

"மின்சாரத்தை மிச்சப்படுத்த பழைய கட்டிடங்களில் ஸ்மார்ட் சென்சார் வைத்தால், அதன் கதிர்வீச்சில் மரம் உளுத்துவிடும், பத்மநாபபுரம் அரண்மனையைக் காப்பாற்றுங்கள்" என்று தக்கலை, நாகர்கோவில் பக்கம் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. அது தவறு.

இந்தச் சென்சார்கள் வெப்பநிலையையும் காற்றின் ஈரப்பதத்தையும் அளப்பவை; சில, அறையில் ஆள் இருக்கிறாரா என்றும் கண்டுபிடிப்பவை. பல உள்ளங்கையில் அடங்கும், பேட்டரியில் ஓடும், சுவரை உடைக்க வேண்டியதில்லை. அவை அனுப்பும் ரேடியோ அலை நம் கைபேசியுடையதைப் போன்றதுதான். மரத்தை ஒன்றும் செய்யாது. மரத்தைக் கெடுப்பவை ஈரம், பூஞ்சை, கரையான். மரத்துக்குள் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிடிக்க வழியாகிறது. இரண்டு பருவமழையும் பெய்யும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இது சின்ன விஷயம் இல்லை. எந்த மூலையில் ஈரம் ஏறுகிறது என்று முன்கூட்டியே காட்டுவதே இந்தக் கருவிகள்தான். ஆளில்லாத அறையில் விளக்கை அணைத்து மிச்சம் பிடிப்பதெல்லாம் அப்புறம்.

சரிபார்க்க விரும்புவோர், பழமையான கட்டிடங்களின் ஆற்றல் சிக்கனத்துக்கான ஐரோப்பிய நெறிமுறை இஎன் 16883-ஐ (2017) பார்க்கலாம். அரண்மனையைப் பற்றிக் கேட்க வேண்டியது, அதைப் பராமரிக்கும் கேரளத் தொல்லியல் துறையிடம்.

அரண்மனை மேல் உள்ள பாசத்தில்தான் பலரும் இதை அனுப்புகிறார்கள். ஆனாலும் இனி பகிராதீர்கள். உங்களுக்கு அனுப்பியவரிடமும் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.