எந்த புஸ்தகத்துல இருக்குன்னு கேட்டது அவ்வளவு பெரிய தப்பா?

ஞாயித்துக்கிழமை தென்காசி கல்யாண மண்டபத்துல அக்குபங்சர் கூட்டத்துல (உடம்புல புள்ளி பாத்து ஊசி போடுற சீன வைத்தியம்) நடந்ததை பாதிப் பேர் வீடியோவுல பாத்திருப்பீங்க, அதனால முதல்ல இருந்து சொல்லல. நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "சார், இது எந்த புஸ்தகத்துல இருக்கு?" அதுக்கு கையில இருந்த மைக்கைப் புடுங்கி, "இந்தப் பொம்பளைய மருந்து கம்பெனிக்காரன் அனுப்பியிருக்கான்"னு மேடையில இருந்து சொல்லுதாங்க, மண்டபமே கை தட்டுது. கை தட்டினதுல எங்க தெருக்காரங்களும் உண்டு. மூணு நாளா சரியா தூக்கம் இல்ல, அதான் எழுதுதேன்.

"சர்க்கரை மாத்திரைய இன்னைக்கே நிறுத்துங்க, சீனாவுல 5000 வருஷமா இப்படித்தான்"னு ஒருத்தர் முன்னூறு பேருக்கு முன்னாடி சொன்னா, அது எங்க எழுதியிருக்குன்னு கேக்கறது கலாட்டாவா? கடையில அரை கிலோ பருப்பு வாங்கினாலே தேதி பாத்துத்தான் வாங்குதோம்.

நான் அக்குபங்சருக்கு எதிரின்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். எங்க அம்மாவுக்கு ஒத்தைத் தலைவலி, இருபது வருஷமா. செங்கோட்டை 1956 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியில இருந்த ஊரு, இன்னைக்கும் எங்க வீட்ல வைத்தியம்னா மலையைத் தாண்டித்தான். புனலூர்ல ஒருத்தங்க ஊசி போட்டு பாக்காங்கன்னு கேள்விப்பட்டு காலை ரயிலைப் பிடிச்சு, பதிமூணு கண்ணு பாலத்தை ஜன்னல்ல பாத்துக்கிட்டே பத்து தடவை அம்மாவைக் கூட்டிட்டுப் போனது நான்தான். அந்த வைத்தியர் அம்மா சீல் போட்ட ஊசி பாக்கெட்டை எங்க கண்ணு முன்னாடி பிரிப்பாங்க, எத்தனை ஊசி போட்டோம்னு எண்ணி எழுதுவாங்க, எடுக்கும்போது மறுபடியும் எண்ணுவாங்க. ஒவ்வொரு தடவையும் கிளம்பும்போது "பிரஷர் மருந்து நிர்த்தருது கேட்டோ அம்மே"ன்னு, அதாவது மருந்தை நிறுத்திராதீங்கன்னு, மலையாளத்துல சொல்லித்தான் அனுப்புவாங்க. வாரம் ரெண்டு தடவை வந்த தலைவலி மாசம் ஒண்ணு ரெண்டுன்னு ஆச்சு. அதை என் கண்ணால பாத்ததாலதான் நானும் படிக்கணும்னு ஒரு வருஷம் ஞாயித்துக்கிழமை க்ளாஸுக்குப் போனேன். பீஸ் கட்ட வளையல் ஒண்ணை அடகு வச்சேன். நானா எதிரி?

என் சந்தேகம் ஆரம்பிச்சதே அந்த க்ளாஸ்லதான். குடுத்த நோட்டு ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்தது, ஓரம் எல்லாம் கருப்பா இருக்கும், யார் எழுதினது எதைப் பாத்து எழுதினதுன்னு ஒரு வரி கிடையாது. முழங்காலுக்குக் கீழ எஸ்டி 36னு ஒரு புள்ளி, சீனப் பேரு ட்சு சான் லி, எல்லாரும் அடிக்கடி பயன்படுத்துற புள்ளி. நோட்டுல "முட்டிக் குழியில இருந்து மூணு இன்ச் கீழே"ன்னு இருந்தது. ஸ்கேல் வச்சு அளந்து பேனாவால புள்ளி வச்சுப் பழகினோம். ஒரு நாள் என் அக்கா மகன், ஆறு வயசு, அவன் கால்ல மூணு இன்ச் அளந்து பாத்தா புள்ளி ரொம்பக் கீழ போயிருச்சு. அப்புறம்தான் தேடினேன். அது இன்ச்சே இல்ல, "சுன்". நோயாளியோட சொந்தக் கட்டைவிரல் மூட்டு அகலம் ஒரு சுன். நோயாளியோட நாலு விரலை சேத்து வச்சா மூணு சுன். ஆளுக்கு ஆள் மாறும். எவரோ ஒருத்தர் மொழிபெயர்க்கும்போது இன்ச்சுன்னு எழுதிட்டார், அதையே எத்தனை பேட்ச்சுக்கு சொல்லிக் குடுத்தாங்களோ. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்கிற எல்ஐ 4, அதை கர்ப்பிணிக்குத் தொடக்கூடாதுன்னு பழைய சீன மரபே எச்சரிக்குது, அந்த வரி நோட்டுல இல்லவே இல்ல. இதை சார்கிட்ட காட்டினேன். "ரொம்ப யோசிக்காதம்மா, கைராசிதான் முக்கியம்"னார்.

அந்த சுன் கணக்கை எனக்குக் காட்டினது உலக சுகாதார நிறுவனம் 2008ல போட்ட புத்தகம். 361 புள்ளிக்கும் எது எங்கன்னு படத்தோட, சீனா ஜப்பான் கொரியா நிபுணர்கள் உக்காந்து ஒத்துக்கிட்டு எழுதினது. நெட்ல ஓசியிலேயே கிடைக்குது. என் ஒரு வருஷ பீஸ்ல அதை யாரும் சொல்லல.

"5000 வருஷம்"னு சொல்லுதாங்களே, அந்த மருத்துவத்துக்கு மூல நூல் ஹுவாங்தி நெய்ஜிங். அது தொகுத்து ஏறக்குறைய 2000 வருஷம்னுதான் ஆராய்ச்சி பண்ணவங்க சொல்லுதாங்க. ரெண்டு பகுதி, சு வென், லிங் ஷு. ஊசி சமாச்சாரம் ரெண்டாவதுலதான் நிறைய. 2000 வருஷம் குறைச்சலா? அதுவே பெரிய பெருமைதானே, அதுக்கு மேல 3000 சேத்து எதுக்கு சொல்லணும்? எங்க தாத்தாவைப் பாத்த ஆரியங்காவு வைத்தியர் அஷ்டாங்க ஹிருதயம்ங்கற ஆயுர்வேத நூல்ல எந்த அத்தியாயம்னு சொல்லி ஸ்லோகத்தையும் சொல்லிட்டுத்தான் கஷாயம் எழுதுவாராம். மலைக்கு அந்தப் பக்கம் அது மரியாதை, இந்தப் பக்கம் கேட்டா திமிரா?

"சீன மருத்துவத்தை புஸ்தகத்துல அடைக்க முடியாது, அது அனுபவம்"னு ஒரு அண்ணாச்சி எழுதியிருந்தார். அண்ணாச்சி, து யூயூன்னு ஒரு சீனத்து விஞ்ஞானி அம்மா. மலேரியாவுக்கு மருந்து தேடினப்ப சிங்ஹாவ்னு ஒரு செடி சாறுல ஒரு தடவை பலன் வருது ஒரு தடவை வரல. நாலாம் நூற்றாண்டுல கே ஹோங் எழுதின பழைய நூலை எடுத்துப் படிச்சாங்க. அதுல "தண்ணியில ஊறப் போட்டு பிழிஞ்சு குடி"ன்னு இருக்கு, கொதிக்க வைன்னு இல்ல. அந்த ஒரு வரிதான். சூடுல மருந்து கெடுதோன்னு யோசிச்சு ஈதர்ங்கற ரசாயனத்துல குறைஞ்ச சூட்டுல சாறு எடுத்தாங்க, பலிச்சது. தன் உடம்புலயே சோதிச்சுப் பாத்துட்டுத்தான் நோயாளிக்குக் குடுத்தாங்க. 2015ல நோபல். எந்த புஸ்தகத்துல எந்த வரின்னு பாத்ததாலதான் அந்த மருந்து.

சரி, உலக சுகாதார நிறுவனமே ஒத்துக்கிச்சுன்னு மேடையில சொன்னாங்க. 2003ல ஒரு அறிக்கை வந்தது உண்மை. நிரூபணம் ஆனதுன்னு 28 பிரச்சினை பட்டியல்ல இருக்கு. அதுக்கு எடுத்த ஆய்வுல நிறைய தரம் போதாதுன்னு விமர்சனம் வந்தது. அதையும் விடுங்க, அந்த 28ல சர்க்கரை இல்ல. "இன்னும் ஆதாரம் வேணும்"ங்கற அடுத்த பட்டியல்லதான் இருக்கு. தலைவலிக்கு நான் நம்புறது, மருத்துவ ஆய்வுகளைச் சேத்து அலசுற காக்ரேன் அமைப்பு 2016ல பண்ண தொகுப்பு. 22 ஆய்வு. வழக்கமான மருந்தோட ஊசியும் போட்டவங்கள்ல நூத்துக்கு 41 பேருக்கு ஒத்தைத் தலைவலி வர்றது பாதியாச்சு, ஊசி போடாதவங்கள்ல 17 பேருக்கு. ஆனா பேருக்குப் போடுற பொய் ஊசியோட ஒப்பிட்டப்ப, நிஜ ஊசியில நூத்துக்கு 50 பேர், பொய் ஊசியில 41 பேர், வித்தியாசம் கொஞ்சம். எங்க அம்மா கதையை சொல்லி நான் உங்களை ஏமாத்தியிருக்கலாம். நம்பர் இதுதான், இதையும் சேத்துத்தான் சொல்லுவேன்.

டாக்டர்கள் மட்டும் யோக்கியமான்னு கேப்பீங்க. தேவையில்லாத ஸ்கேன், கமிஷன், எல்லாம் எனக்கும் தெரியும். அதுக்காக மாத்திரைய நிறுத்தச் சொல்றது சரியாயிருமா?

இயற்கை மருந்துக்கு பக்கவிளைவே இல்லைன்னும் சொன்னாங்க. பெல்ஜியத்துல 1990கள்ல உடம்பு இளைக்கக் குடுத்த சீன மூலிகையில, ஃபாங் ஜின்னு ஒரே பேருல இருக்கிற ரெண்டு செடியில ஒண்ணுக்கு பதிலா இன்னொண்ணு வந்து சேந்து, நூறு பேருக்கு மேல கிட்னி போச்சு. வந்து சேந்தது அரிஸ்டோலோக்கியா ஜாதி. நம்ம ஈஸ்வரமூலியும் ஆடுதீண்டாப்பாளையும் அதே ஜாதிதான். பேரைச் சரி பாக்காததுக்கு கிடைச்ச பலன் அது.

நான் ஏன் இவ்வளவு கத்துதேன்னு கேக்காங்க. சொல்லிருதேன். இதுவரைக்கும் இங்க எழுதினதில்ல. எங்க அப்பா நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஹீலர் பேச்சைக் கேட்டு சர்க்கரை மாத்திரைய நிறுத்தினார். நான் அப்ப க்ளாஸ் போய்க்கிட்டிருந்தேன், நானும் "சரிப்பா, பாப்போம்"னுதான் சொன்னேன். கால் பெருவிரல்ல செருப்பு கடிச்ச மாதிரி ஒரு புண்ணு. "கழிவு வெளியேறுது, தொடாதீங்க"ன்னாங்க, நாங்களும் தொடல. மூணாவது மாசம் நாத்தம் வந்தப்பதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம், சர்க்கரை 480. ரெண்டு விரலை எடுத்துட்டாங்க. அந்த ஹீலர் ஒரு போன் கூட பண்ணல. அப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லல, இன்னைக்கும் சொன்னதில்ல. இப்ப வலது கால் செருப்புல முன்னால பஞ்சு அடைச்சுத்தான் போடுதார், காலையில அதை அடைச்சுக் குடுக்கறது நான்.

அன்னைக்கு யாராவது ஒருத்தர் அந்த ஹீலர்கிட்ட எந்த புஸ்தகத்துல இருக்குன்னு கேட்டிருந்தா. நானே கேட்டிருந்தா.

மண்டபத்துல முன் வரிசையில ஒரு ஆச்சி மாத்திரை டப்பாவை கைப்பையில இருந்து எடுத்து மடியில வச்சு பாத்துக்கிட்டே இருந்தாங்க. அவங்களைப் பாத்துத்தான் நான் எந்திரிச்சேன். எந்த ஊர் ஆச்சின்னு தெரியல. மஞ்சள் சேலை, வலது கையில பச்சை குத்தியிருந்தது. தெரிஞ்சவங்க யாராவது இருந்தா, மாத்திரைய விடாம போடச் சொல்லுங்க.

அந்த ஜெராக்ஸ் நோட்டு இன்னும் என்கிட்ட இருக்கு. மூணு இன்ச்சுன்னு இருந்த இடத்தையெல்லாம் சிவப்புப் பேனாவால அடிச்சு "நோயாளியோட நாலு விரல்"னு எழுதியிருக்கேன், எல்ஐ 4 பக்கத்துல கர்ப்பிணிக்கு வேண்டாம்னு எழுதியிருக்கேன். கூடப் படிச்சவங்க வேணும்னா கேளுங்க, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புதேன்.