முதுகில் கிளிப், முன்னால் பிராண்ட்

அந்த ஸ்கிரீன்ஷாட்டை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் லிங்க் கேட்க வேண்டாம், தரமாட்டேன். அந்தக் கடைக்கு என் செலவில் இன்னொரு விளம்பரம் எதற்கு? தீபாவளிக்கு வாங்கிய ரவிக்கை தோளில் நிற்கவில்லை, அக்குளில் பிடிக்கிறது என்று ஒரு பெண் படத்தோடு கேட்டிருக்கிறார். அதற்கு பிராண்டின் பதில்: "டியர், இந்த பீஸை கரெக்டா ஸ்டைல் பண்ணணும். ஸ்டைலிங் தெரிஞ்சா அழகா உட்காரும்." கூடவே ஒரு இதயம்.

அந்த இதயத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ரவிக்கை உட்காருவது வெட்டால். ஸ்டைலிங்கால் இல்லை. இதையே இன்னும் இரண்டு மூன்று தடவை சொல்வேன், சகித்துக்கொள்ளுங்கள்.

விளம்பரப் படத்தில் மாடல் போட்டிருப்பது சாம்பிள் பீஸ். ஒரே ஒரு சைஸில்தான் தைத்திருப்பார்கள். அதுவும் மாடலுக்குக் கச்சிதமாக இருக்காது. அதனால் முதுகுப் பக்கம் இரண்டு மூன்று கறுப்பு கிளிப் துணியை இழுத்துப் பிடித்திருக்கும், ஆபீஸில் காகிதக் கட்டுக்குப் போடுகிற அதே கிளிப். கழுத்து விளிம்பு தோலோடு ஒட்டி நிற்க, இரண்டு பக்கமும் ஒட்டும் டேப். புடவை மடிப்புக்குள் வெளியே தெரியாமல் ஏழெட்டு ஊக்கு. முந்தானை பறக்க வேண்டுமென்றால் ஒருவர் நுனியை வீசிவிட்டு ஃபிரேமுக்கு வெளியே ஓடுவார். அந்த பிராண்டின் பக்கத்தில் மாடல் முதுகு காட்டி நிற்கும் படம் எத்தனை இருக்கிறது, போய் எண்ணிப் பாருங்கள்.

ஸ்டைலிஸ்ட்டின் வேலையே இதுதான். அதில் குற்றமில்லை. ஆனால் கிளிப் பார்சலில் வராதே!

அப்படியானால் அந்தப் பெண்ணுக்குத் தோள் ஏன் சரிந்தது? 34 அங்குல மார்புக்கு வரைந்த பேப்பர் பேட்டர்னை, அதாவது துணியை வெட்டுவதற்கான காகித அச்சை, 40 ஆக்கும்போது எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் பெரிதாக்கிவிடுகிறார்கள். மார்புச் சுற்றளவு 6 அங்குலம் கூடுகிறது, சரி. ஆனால் மனிதருக்கு எலும்பு அதே விகிதத்தில் வளராது. 34-இல் தோள் 14 அங்குலம் என்றால் 40-இல் 15 அல்லது அதற்குச் சற்று மேல் போதும். விகிதக் கணக்கில் போனால் பதினாறரை வந்து நிற்கும். கழுத்தும் அகலும், பட்டை வழுக்கி இறங்கும். கைக்குழியையும் ஆழமாக்கிவிட்டால் கையைத் தூக்கும்போது மொத்த ரவிக்கையும் கூடவே மேலே ஏறும். பிடிக்கிறது என்பதற்காகக் கைக்குழியை இன்னும் இறக்கி வெட்டுவது அனுபவமில்லாதவர் செய்வது. அக்குளுக்குப் பக்கத்தில் ஏறி நிற்கிற கைக்குழியில்தான் கை தாராளமாக ஆடும். மார்பு வளைவுக்காகத் துணியை மடித்துத் தைக்கிற டார்ட்டின் நுனியும் மார்பு உச்சிக்கு ஓர் அங்குலம் முன்பே நின்றுவிட வேண்டும். உச்சி வரை ஓட்டினால் கூம்பு மாதிரி குத்திக்கொண்டு நிற்கும்.

இதில் எதை அந்தப் பெண் "ஸ்டைல்" பண்ணிச் சரிசெய்ய வேண்டும்? சொல்லுங்கள்.

உள்துணி, அதாவது ரவிக்கைக்கு உள்ளே கொடுக்கிற லைனிங், பற்றிச் சொல்லாமல் விட மனசில்லை. பருத்தி உள்துணி என்றால் வெட்டுவதற்கு முன் தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, இஸ்திரி போட்டுத்தான் கத்திரிக்கோலை எடுக்க வேண்டும். இல்லையென்றால் முதல் சலவையில் உள்துணி மட்டும் சுருங்கி, மேல்துணி கொப்புளம் கொப்புளமாக நிற்கும். பாலியெஸ்டருக்கு இந்த வேலை கிடையாது, அதனால் பிராண்டுகளுக்கு அது செல்லப்பிள்ளை. இந்தச் சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் அதைப் போட்டுக்கொண்டு கோயில் வரிசையில் நிற்பவருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

"பிராண்ட் ஐடென்டிட்டி என்றால் உங்களுக்கு என்ன தெரியும்" என்று யாராவது வருவீர்கள். வாருங்கள். இந்த நாட்டில் உலகமே பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்ளும் உடை எது? 1968-இல் அப்போதைய மலேசியா-சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் பணிப்பெண்களுக்காக பிரெஞ்சு வடிவமைப்பாளர் பியர் பால்மேன் வடிவமைத்த சரோங் கபாயா, இன்று சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பணிப்பெண்கள் போடுகிற அதே உடை. நிறத்தைப் பார்த்தே பணிநிலையைச் சொல்லிவிடலாம். அரை நூற்றாண்டு தாண்டியும் அதே உருவம். அதையும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அளவெடுத்துத்தான் தைக்கிறார்கள். விமானப் பணிப்பெண்ணிடம் யாரும் "டியர், கரெக்டா ஸ்டைல் பண்ணுங்க" என்று சொல்வதில்லை.

பிரெஞ்சு பிராண்டான ஷனெலின் ஜாக்கெட்டின் உள்ளே, கீழ் விளிம்போரம், மெல்லிய உலோகச் சங்கிலி ஒன்றைத் தைத்து வைப்பார்கள். அந்தக் கனத்தில்தான் ஜாக்கெட் நேராக விழும். ஜப்பானிய வடிவமைப்பாளர் இசே மியாகேயின் மடிப்பு உடைகளை முதலில் இரண்டரை, மூன்று மடங்கு பெரிதாகத் தைத்து, பிறகு காகிதத் தாள்களுக்கு நடுவே வைத்துச் சூட்டில் அழுத்தி மடிப்பெடுக்கிறார்கள். இங்கேயே பிரிசில்லா சண்முகத்தின் ஓங் சண்முகம் இருக்கிறது, சீனப் பெண்களின் மரபு உடையான சியோங்சாமைப் பிரித்து மேய்ந்து பாத்திக் முதலான ஆசியத் துணிகளில் புதிதாக யோசித்த லேபிள். பெயருக்கு மதிப்பு இப்படித்தான் வருகிறது. பழுப்பு நிறப் பின்னணியும் காய்ந்த புல் வைத்த ஜாடியும் ஐடென்டிட்டி ஆகிவிடாது.

கதை சொல்லி விற்பதும் தப்பில்லை. கட்டம் போட்ட மெட்ராஸ் துணியைப் பாருங்கள். 1958-இல் அமெரிக்க ஆடை நிறுவனம் புரூக்ஸ் பிரதர்ஸ் அதில் உடை தைத்து விற்றபோது, குளிர்ந்த நீரில் மெதுவாக அலச வேண்டும் என்ற எச்சரிக்கை வாங்கியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை, சாயம் கலங்கிவிட்டது என்று சொல்வார்கள். பிறகு "சாயம் போகும், உத்தரவாதம்" என்று அதையே பெருமையாக விளம்பரம் செய்தார்கள். வியாபாரத் தந்திரம்தான், ஆனாலும் துணியின் குணத்தை மறைக்காமல் சொன்னார்கள். வாங்கியவருக்குத் துவைக்கத் தெரியவில்லை என்று நக்கலடிக்கவில்லை.

"ஸ்டைலிங்கும் கலைதானே?" கலைதான். நல்ல ஸ்டைலிஸ்ட் பாட்டியின் பழைய சுங்குடியையும் வெள்ளைச் சட்டையையும் சேர்த்துப் போட்டு, நாம் கவனிக்காமல் விட்டதைக் கவனிக்க வைப்பார். மறுக்கவில்லை.

"கடை வாடகை தெரியுமா?" தெரியும். பக்கத் தையலில் ஓர் அங்குலம் துணி விட வாடகை தடுக்கிறதா?

"நம்ம தமிழ்ப் பிள்ளை ஆரம்பித்த பிராண்ட், தட்டிக்கொடுக்காமல் குட்டுகிறீர்களே?" இதைத்தான் அதிகம் பேர் இன்பாக்ஸில் எழுதியிருக்கிறீர்கள். ஏன், புகார் சொன்ன பெண் யார் பிள்ளை? அவர் கொடுத்தது தமிழ்க் காசு இல்லையா? இதே பிராண்டின் பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்று யாருமே கேட்கவில்லையே: "தேக்கா லுக்குக்கு குட்பை". நம் லிட்டில் இந்தியாவின் தேக்கா என்றால் இளப்பமாம். மினுமினுப்பாம், ஆன்ட்டி ஃபேஷனாம். அந்த வரியை எத்தனை பேர் சிரித்து ஷேர் செய்தீர்கள்!

தீபாவளிக்கு முந்தைய வாரம் தேக்கா சந்தை மேல்மாடிக்குப் போய், ஏதாவது ஒரு தையல் மேசை பக்கம் பத்து நிமிடம் நில்லுங்கள். பிராண்ட் பையோடு ஒருவர் வருவார், கண்ணில் கலக்கத்தோடு. தையல்காரர் ரவிக்கையை உள்புறம் புரட்டுவார். விளிம்பை ஒட்டி, பிசிறு வராமல் இருக்கப் போடுகிற ஓவர்லாக் தையலை ஓட்டி மிச்சத்தை நறுக்கியிருப்பார்கள். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இதுல பிரிக்க என்னம்மா இருக்கு?" என்பார். சொல்லிக்கொண்டே கழுத்தில் குத்தும் லேபிளை முதலில் அறுத்து எடுப்பார். பிறகு தோளைக் கழற்றி உள்ளே தள்ளி, கைக்குழியை மேலே ஏற்றி, பக்கத்துக்கு ஒட்டு கொடுத்து, மறுநாள் மாலைக்குள் போடும்படி ஆக்கித் தருவார். அந்த ரவிக்கையைப் போட்டுப் படம் எடுத்து, டேக் செய்வது யாரை? பிராண்டை. ஃபோட்டோகிராஃபருக்கு நன்றி, மேக்கப்புக்கு நன்றி, இடத்துக்கும் நன்றி. போடும்படி ஆக்கித் தந்தவருக்கு ஒரு வரி கிடையாது. அவருடைய கை பட்டதற்குப் பெயர்தான் தேக்கா லுக் என்றால், அது இல்லாமல் உங்கள் "மினிமல்" ரவிக்கை அலமாரியை விட்டு வெளியே வந்திருக்காது.

பொறாமை என்பவர்களுக்குப் பதில் இல்லை. போய்த் தூங்குங்கள்.

வாங்கிவிட்டோம், இனி என்ன செய்வது என்று கேட்டவர்களுக்கு: லேபிளை வெட்டாமல், துவைக்காமல், முதலில் உள்ளே புரட்டிப் பாருங்கள். பக்கத் தையலில் இருபுறமும் முக்கால் அங்குலமாவது துணி இருந்தால் பிரித்துத் தைக்கலாம். இல்லையென்றால் அதே துணியில் இரண்டு கை அகலத் துண்டு வேண்டும் என்று கடையிடம் எழுத்தில் கேளுங்கள். அக்குளுக்குக் கீழே ஒட்டு கொடுக்க அது போதும். துண்டும் இல்லை, பணமும் திரும்பாது என்றால் படத்தையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு பயனீட்டாளர் சங்கத்துக்குப் போங்கள். பதிலில் இதயம் போட்டிருந்தால் அந்த ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்துக் கொடுங்கள்.