விலைக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

வெளிநாட்டுப் பயணத்தில் வாங்கும் கைவினைப் பொருள்களைப் பற்றிய நம் பேச்சு பெரும்பாலும் விலையிலேயே தொடங்கி விலையிலேயே முடிந்துவிடுகிறது. கடைக்காரர் சொன்ன தொகையை எவ்வளவு குறைத்தோம் என்பது பெருமையோடு சொல்லப்படுகிறது. அந்தப் பொருளைச் செய்தவர் யார், எதைக் கொண்டு செய்தார், அதற்கு எத்தனை நாள் பிடித்தது என்று கேட்டால் வாங்கியவரிடம் பதில் இருப்பதில்லை. விலையைக் கேட்பதற்கு முன் செய்முறையைக் கேட்பவருக்குத்தான் நல்ல பொருள் நியாயமான விலையில் கிடைக்கிறது என்பது என் உறுதியான கருத்து. அந்தக் கேள்வியைக் கேட்காத பயணிகளின் பணம்தான் சுற்றுலாத் தலங்களில் போலிப் பொருள்களின் வணிகத்தை வளர்க்கிறது என்றும் நம்புகிறேன்.

மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது என்பதைக் கொண்டு வடிவங்களை உருவாக்கும் இந்தோனேசியாவின் பாத்திக் துணியை எடுத்துக்கொள்வோம். 2009ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்ற கலை இது. ஜாவாவின் யோக்யகர்த்தா, சோலோ, பெகலோங்கன் போன்ற நகரங்களில், பாத்திக் என்ற ஒரே பெயரில் மூன்று வகைத் துணிகள் ஒரே கடையில் அடுத்தடுத்துத் தொங்குவதைக் காணலாம். துலிஸ் என்பது உருகிய மெழுகால் கையாலேயே வரைந்து சாயமேற்றியது. சாப் என்பது செப்பு அச்சால் மெழுகைப் பதித்து உருவாக்கியது. மூன்றாவது, மெழுகே படாமல் பாத்திக்கின் வடிவத்தை மட்டும் இயந்திரத்தில் அச்சடித்த துணி.

யோக்யகர்த்தாவின் பட்டறை ஒன்றில் முதிய பெண்மணி ஒருவர் வேலை செய்வதை நெடுநேரம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சந்திங் எனப்படும் சிறிய செப்புக் கருவியை உருகிய மெழுகில் முக்கி எடுப்பார். அதன் மெல்லிய மூக்கில் அடைப்பு இருந்தால் வாயால் ஊதிச் சரிசெய்வார். பிறகு இடக்கையால் துணியைத் தாங்கிக்கொண்டு, கோட்டின் மேல் கோடாக மெழுகை ஓடவிடுவார். ஒரு பக்கம் முடிந்ததும் துணியைத் திருப்பி, அதே கோடுகளின் மேல் மறுபுறமும் மெழுகிட்டார். அதன் பிறகு சாயத்தில் முக்கி, வெந்நீரில் மெழுகை நீக்கி, அடுத்த நிறத்துக்காக மறுபடியும் மெழுகிடத் தொடங்க வேண்டும். நல்ல துலிஸ் துணியின் பின்புறமும் முன்புறத்துக்கு ஈடான அழுத்தமான நிறத்தில் இருப்பதற்கு இருபுறமும் இப்படி மெழுகிடுவதே காரணம். அச்சடித்த துணியின் பின்புறம் வெளிறியிருக்கும். கையால் வைத்த புள்ளிகளில் எந்த இரண்டும் முற்றிலும் ஒன்றுபோல் இரா. செப்பு அச்சில் ஒரே வடிவம் ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும், அச்சும் அச்சும் சேரும் இடத்தில் கோடு சற்றே விலகியிருக்கும். துணியைத் திருப்பிப் பார்க்கும் ஒரே செயலில் இவ்வளவும் தெரிந்துவிடுகிறது. அச்சடித்த துணியை வாங்குவதில் தவறு ஏதுமில்லை. அதைத் துலிஸ் என்று நம்பி அதற்குரிய விலை கொடுப்பது நமக்கு இழப்பு. துலிஸ் துணியை அச்சடித்த துணியின் விலைக்குக் கேட்பது செய்தவருக்கு அநீதி.

கம்பளத்திலும் பின்புறம்தான் பேசும். கையால் முடிச்சிட்ட கம்பளத்தைத் திருப்பினால் முன்புறத்து வடிவம் முழுவதும் பின்புறத்திலும் தெளிவாகத் தெரியும். ஓரக் குஞ்சம் கம்பளத்தின் பாவு நூலே நீண்டு வெளிவந்ததாக இருக்கும், தனியாகத் தைத்து ஒட்டியதாக இருக்காது. துருக்கியின் ஹெரெகேயில் நெய்யப்படும் பட்டுக் கம்பளங்களில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 100 முடிச்சுகள் இருக்கும். அப்படியானால் ஒரு சதுர மீட்டரில் 10 லட்சம் முடிச்சுகள். ஒரு நெசவாளர் நாளொன்றுக்கு 10,000 முடிச்சுகள் போடுகிறார் என்று தாராளமாகவே கணக்கிட்டாலும், அந்த ஒரு சதுர மீட்டருக்கு 100 வேலைநாள்கள் வேண்டும். ஈக்வடாரில் தொக்கியா ஓலையால் பின்னும் தொப்பிகளுக்கும் இதே கணக்குப் பொருந்தும். 2012இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்க்கப்பட்ட அந்தக் கலையில், ஓலையின் நுண்மையைப் பொறுத்து ஒரு தொப்பியைப் பின்ன ஒரு நாளும் ஆகலாம், எட்டு மாதமும் ஆகலாம். இரண்டுமே பார்வைக்கு வெள்ளைத் தொப்பிதான். வேலைநாள்களைக் கேட்டறியாதவருக்கு ஒன்று மலிவாகவும் மற்றொன்று கொள்ளை விலையாகவும் தெரிவதில் வியப்பில்லை.

பேரமே கூடாது என்று நான் சொல்லவில்லை. பேரத்தை வணிகத்தின் இயல்பான பகுதியாகக் கொண்ட சந்தைகள் உலகின் பல பகுதிகளில் உள்ளன. அங்கே முதலில் சொல்லும் விலை பேச்சைத் தொடங்குவதற்காகவே சொல்லப்படுகிறது, பேசாமல் கொடுத்துவிட்டு வர வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. ஆனால் இடைத்தரகரான வியாபாரியிடம் பேசும் பேரமும், தன் கையால் செய்ததைத் தானே தரையில் விரித்து உட்கார்ந்திருப்பவரிடம் பேசும் பேரமும் ஒன்றல்ல. முன்னவர் குறைப்பது தன் லாபத்தை. பின்னவர் குறைப்பது தன் கூலியை. விமானக் கட்டணத்துக்கும் விடுதிக்கும் சொன்ன தொகையை அப்படியே செலுத்திவிட்டு வந்த நாம், மாலைக்குள் ஒன்றாவது விற்றாக வேண்டும் என்று காத்திருக்கும் ஒருவரிடம் நம் சாமர்த்தியத்தைக் காட்டுவது எனக்கு உண்மையிலேயே வேதனை தருகிறது.

போலிகளைப் பற்றிய பேச்சை மிகை என்று நினைப்பவர்கள் ஆஸ்திரேலியாவில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்நாட்டுப் பூர்வகுடிகளின் கலைப்பொருள்கள் என்று தோன்றும்படி பூமராங், டிட்ஜெரிடூ என்ற நீண்ட மரக்குழல் இசைக்கருவி முதலியவற்றை விற்றுவந்த ஒரு மொத்த விற்பனை நிறுவனத்தின் சரக்கு இந்தோனேசியாவில் செய்யப்பட்டது என்பது நீதிமன்றத்தில் நிரூபணமாயிற்று. 2015க்கும் 2017க்கும் இடையில் 18,000க்கும் மேற்பட்ட பொருள்கள் அவ்வாறு விற்கப்பட்டிருந்தன. 2019இல் கூட்டாட்சி நீதிமன்றம் 23 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. கையால் செய்தது, கையால் வண்ணம் தீட்டியது என்ற வாசகங்கள் அவற்றின்மேல் இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். அவை எந்தக் கை என்று வாங்கியவர்கள் கேட்கவில்லை. அமெரிக்காவில் செவ்விந்தியப் பழங்குடியினர் செய்ததாகப் பொய் சொல்லி விற்பதை 1990ஆம் ஆண்டின் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது; அந்த அளவுக்குச் சட்டம் தேவைப்பட்டது என்பதே நிலைமையைச் சொல்லும்.

சில நாடுகள் வாங்குபவரின் வேலையை எளிதாக்கியிருக்கின்றன. வெனிஸ் அரசு 1291இல் கண்ணாடி உலைகளை நகரிலிருந்து முரானோத் தீவுக்கு மாற்றியது முதல் அங்கே வளர்ந்துவந்த கண்ணாடித் தொழிலைக் காக்க, வெனிஸ் அடங்கிய வெனெட்டோ மாநில அரசு 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக ஓர் அடையாள முத்திரையை ஏற்படுத்தியது. ஜப்பான் 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி மரபுக் கைவினைப் பொருள்களை அறிவித்து அவற்றுக்கு முத்திரை வழங்குகிறது. அன்றாட வாழ்வில் பயன்படுவதாகவும், முக்கிய வேலைகள் கையால் நடப்பதாகவும், நுட்பம் ஏறத்தாழ நூறாண்டு பழமை கொண்டதாகவும் இருக்க வேண்டும் என்பவை அதன் நிபந்தனைகளில் சில. போகும் நாட்டில் இத்தகைய முத்திரை உண்டா என்று புறப்படுவதற்கு முன்பே பார்த்துவைப்பது பெரிய வேலை அல்ல.

இதற்கு நேரெதிரான ஒரு பிழையும் உண்டு. சுற்றுலாப் பயணிகளுக்காகச் செய்யப்படும் எதுவும் மட்டமானது, பழமையானதே உண்மையானது என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். மெக்சிகோவின் வஹாக்கா மாநிலத்தில் உள்ள சான் பார்தொலோ கொயோதெபெக் என்ற ஊரின் கருப்பு மண்பாண்டங்களைப் பார்த்தால் இந்த எண்ணம் மாறும். அந்த ஊரில் நூற்றாண்டுகளாகச் செய்யப்பட்டவை தண்ணீரும் மதுவும் வைக்கும் மங்கலான சாம்பல் நிறப் பானைகள். 1950களில் தோன்யா ரோசா என்று அறியப்பட்ட குயவர், சுடுவதற்கு முன் பானையின் மேற்பரப்பைப் படிகக் கல்லால் தேய்த்து, குறைந்த வெப்பத்தில் சுட்டால் பளபளக்கும் கருமை கிடைக்கும் என்று கண்டார். அப்படிச் செய்த பானையில் தண்ணீர் தங்காது, எளிதில் உடையும். பயன்பாட்டுப் பாத்திரமாக அது தோல்வி. ஆனால் அந்த ஒளிக்காகவே வெளியூர்க்காரர்கள் தேடிவந்து வாங்கினார்கள், அதனால் அந்த ஊரின் மண்தொழில் உயிர்பிழைத்தது. ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் ரஷ்யாவின் மத்ரியோஷ்கா மரப்பொம்மையும் 1890களில் பிறந்ததுதான். பயணியின் பணம் ஒரு கலையைக் கெடுக்கவும் செய்யும், காக்கவும் செய்யும். எந்தக் கைக்கு அது போய்ச் சேருகிறது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

சட்டத்தைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடையில் வெளிப்படையாக விற்கிறார்கள் என்பதால் ஒரு பொருளை எல்லை தாண்டி எடுத்துச் செல்லலாம் என்று பொருளாகாது. அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை 1975 முதல் நடைமுறையில் இருக்கிறது. யானைத் தந்தம், கடலாமை ஓடு, பல வகைப் பவளம் ஆகியவை அதன் கீழ் வருகின்றன. துருக்கி போன்ற நாடுகளில் தொல்பொருள்களை வெளியே கொண்டுசெல்வது கடுமையான குற்றம். பழைய கம்பளம் வாங்கினால் உரிய சான்று இல்லாமல் புறப்படக் கூடாது. ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் மரம், ஓலை, விதை கொண்டு செய்த பொருள்களோடு சென்றால் அவற்றைச் சுங்கத்தில் அறிவித்தே ஆக வேண்டும். ரசீதில் பொருளின் பெயரும் அது எதனால் ஆனது என்பதும் எழுதப்பட்டிருந்தால் பல சிக்கல்கள் எழாமலே போகும்.

குழுவாகப் பயணம் ஏற்பாடு செய்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. பயணத் திட்டத்தில் கைவினைக் கூடம் என்று எழுதிவிட்டு, வழிகாட்டிக்கும் ஓட்டுநருக்கும் கமிஷன் கொடுக்கும் பெரிய கடையின் வாசலில் பேருந்தை நிறுத்தும் வழக்கம் எத்தனையோ நாடுகளில் இருக்கிறது. அந்தக் கமிஷன் வாங்குபவரின் விலையிலும் செய்தவரின் கூலியிலும் இருந்துதான் எடுக்கப்படுகிறது. அந்த ஒரு மணி நேரத்தைக் கைவினைஞர்களின் கூட்டுறவுச் சங்கத்துக்கோ, அருங்காட்சியகத்தின் விற்பனைப் பிரிவுக்கோ, வேலை நடப்பதைக் கண்ணால் பார்க்கக்கூடிய சிறு பட்டறைக்கோ ஒதுக்குங்கள். அங்கே யாரும் எதுவும் வாங்கவேண்டிய கட்டாயம் இல்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பயணிகளாகப் போகிறவர்களும் முன்பணம் கட்டுவதற்கு முன் எந்தக் கடைகளில் நிறுத்துவீர்கள், அங்கே கமிஷன் உண்டா என்று எழுத்துமூலம் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் ஏற்பாட்டாளரிடம் அந்த நிறுத்தங்களைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள்.