பாறைப் பாலைவனத்துக்கு மவுண்டன் பைக் வாங்குகிறீர்களா? டயரிலிருந்து ஆரம்பியுங்கள்

வெயில் தணிந்து அக்டோபர் பிறந்துவிட்டால் அரிசோனாவின் ஃபீனிக்ஸிலும் சாண்ட்லரிலும் இருக்கும் நம் ஆட்களிடமிருந்து எனக்கு ஒரே கேள்விதான் வரும். "மவுண்டன் பைக் வாங்கலாம்னு இருக்கேன், சவுத் மவுண்டன்ல ஓட்டணும், எது வாங்கலாம்?" கூடவே இரண்டு மூன்று படங்களும் வரும். பெரும்பாலும் கார்பன் ஃபிரேம், எடை குறைவு, விலை ஆறாயிரம் டாலருக்கு மேல். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட இங்கேயே விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

என் கருத்து இதுதான். பாறை நிறைந்த பாலைவனத்தில் ஓட்டப்போகிறவர் ஃபிரேமுக்குக் கொடுக்கும் பணத்தைக் குறைத்துக்கொண்டு டயர், சக்கரம், ஹப் (சக்கரத்தின் நடு உருளை), பிரேக் இவற்றுக்குக் கொடுக்க வேண்டும். அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷனும் நடுத்தரமாக இருந்தால் போதும். கடைக்குப் போனால் இதற்கு நேர்மாறாகத்தான் பேச்சு இருக்கும். பைக்கைத் தூக்கிப் பார்க்கச் சொல்வார்கள், எவ்வளவு லேசு பாருங்கள் என்பார்கள். இந்த ஊர் மலையில் அந்த லேசான எடைக்கு முதலில் பலியாவது டயர்தான்.

ஏன் என்று புரிய, எதன்மேல் ஓட்டுகிறோம் என்று பார்க்க வேண்டும். சவுத் மவுண்டன் பார்க் 16,000 ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கிறது. அமெரிக்காவில் ஒரு நகராட்சியின் கையில் இருக்கும் பூங்காக்களில் மிகப் பெரியவற்றில் ஒன்று. அதன் மேற்குப் பாதி சுமார் 170 கோடி ஆண்டுப் பழமையான நைஸ் பாறை. கிழக்குப் பாதி அதைவிட மிக இளையது, சுமார் 2.5 கோடி ஆண்டு வயதுள்ள கிரானோடையோரைட். இரண்டுமே கெட்டி. மேலே மண் அதிகம் இல்லை. ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை திடீர் திடீரென்று கொட்டும் மழை, இருக்கிற பொடி மண்ணையும் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. மிஞ்சுவது கல். படிக்கட்டு மாதிரி கல், ஈட்டி முனை மாதிரி நிமிர்ந்து நிற்கும் கல், மிதித்தால் உருளும் கல். (அந்தப் பாறைகளின் கருத்த மேற்பூச்சில் இந்த மண்ணின் பழங்குடிகளான ஹோஹோகம் மக்கள் கொத்திவைத்த உருவங்கள் பல இடங்களில் இருக்கின்றன. தயவுசெய்து பாதையை விட்டு விலகி ஓட்டாதீர்கள்.)

எல்லாப் பாலைவனமும் இப்படி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். செடோனாவிலும் யூட்டாவின் மோவாபிலும் இருப்பது மணற்பாறை. உப்புத்தாள் போல டயரைப் பிடித்துக்கொள்ளும், நம்பவே முடியாத சரிவிலும் ஏற விடும். ஸ்காட்ஸ்டேலுக்கு வடக்கே பிரௌன்ஸ் ரான்ச் பக்கம் போனால் உதிர்ந்த கிரானைட் பொடி. கெட்டித் தரையின் மேல் உருண்டை உருண்டையாகக் கிடக்கும், வளைவில் முன்சக்கரம் வழுக்கும். அங்கே மட்டும் ஓட்டுவேன், மெக்டவல் மலைப் பூங்காவில் பெம்பர்ட்டன் ட்ரெயிலைச் சுற்றிவந்தால் போதும் என்பவருக்கு நல்ல ஹார்ட்டெயில் (முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள பைக்) தாராளமாகப் போதும். இரண்டாயிரம் டாலருக்குள் முடிந்துவிடும். ஆனால் நம்மவர்கள் கேட்பது சவுத் மவுண்டனின் நேஷனல் ட்ரெயிலைப் பற்றி. அது வேறு கதை.

சரி, டயர். பைக்கோடு வரும் டயர்கள் பெரும்பாலும் மெல்லிய பக்கச்சுவர் கொண்டவை. எடை குறைத்துக் காட்டுவதற்காகக் கம்பெனிகள் அப்படித்தான் போட்டு அனுப்புகின்றன. நேஷனலில் இறங்கும்போது பின்சக்கரம் இரண்டு கற்களுக்கு நடுவே நுழைந்து வெளியே வரும் அந்த ஒரு நொடியில் பக்கச்சுவர் கிழியும். புஸ்ஸென்று சத்தம் வரும், டயருக்குள் ஊற்றிய சீலன்ட் (ஓட்டை அடைக்கும் திரவம்) வெள்ளையாகப் பீய்ச்சியடித்துக் காலெல்லாம் தெறிக்கும். குத்தின ஓட்டையைச் சீலன்ட் அடைக்கும். அரை அங்குலக் கிழிசலை அடைக்காது. ரப்பர் பிளக் செருகிப் பார்க்கலாம், பக்கச்சுவரில் அதுவும் நிற்பதில்லை. அப்புறம் தண்ணீர் தீரத் தீர பைக்கைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

அதனால் பின்சக்கரத்துக்காவது கனமான கேசிங் (டயரின் உள்கூடு) உள்ள டயர் போடுங்கள். மேக்ஸிஸில் டபுள்டவுன் என்று வருகிறது, மற்ற கம்பெனிகளிலும் அதற்கு இணையானது உண்டு. டயர் ஒன்றுக்கு 200, 300 கிராம் கூடும், ஏற்றத்தில் அது தெரியவும் செய்யும். தெரிந்தால் தெரியட்டும். முன்பக்கம் 2.5, பின்பக்கம் 2.4 அங்குல அகலம். எழுபத்தைந்து கிலோ எடையுள்ளவர் முன்னால் காற்றழுத்தம் 22, 23 பி.எஸ்.ஐ., பின்னால் 25, 26 என்று ஆரம்பித்து, ரிம் (சக்கர வளையம்) கல்லில் இடிக்கிறதா என்று பார்த்து ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக் காற்றைக் கணக்கிடும் பழக்கம் இங்கே ஆகாது. ஒரு டிஜிட்டல் கேஜ் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு பி.எஸ்.ஐ. வித்தியாசத்தில் பைக்கே வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

ட்யூப் வைத்து ஓட்டுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். நம் ஊர் நெருஞ்சி இங்கேயும் இருக்கிறது, அதே செடிதான். கால்வாய் ஓரப் பாதைகளில் படர்ந்து கிடக்கும். ட்ரெயில் வந்து சேருவதற்குள் ட்யூப் போய்விடும். ட்யூப்லெஸ்தான் ஒரே வழி. ஆனால் சீலன்ட் இந்த வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும். 2023 கோடையில் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் 110 ஃபாரன்ஹீட்டுக்குக் குறையாமல் அடித்தது நினைவிருக்கும். அந்த மாதிரி மாதங்களில் கராஜுக்குள் நிற்கும் பைக்கின் டயருக்குள்ளேயே சீலன்டில் உள்ள லேடக்ஸ் உருண்டு ரப்பர் பந்தாகிவிடும். கோடையில் மாதம் ஒருமுறை வால்வைத் திறந்து பார்த்து ஊற்றுங்கள்.

சோயா (cholla) என்ற கள்ளியின் முள்ளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாதையோரத்தில் இளம் மஞ்சளாக, பஞ்சு போர்த்திய மாதிரி நிற்கும் கள்ளி. லேசாக உரசினாலே ஒரு முள் உருண்டை கழன்று காலில் ஒட்டிக்கொள்ளும். கையால் பிடுங்கப் போனால் கையிலும் ஏறும். ஒரு சீப்பைத் தோலுக்கும் உருண்டைக்கும் நடுவே விட்டுச் சட்டென்று வெளியே தட்டிவிட வேண்டும், மிச்ச முட்களை இடுக்கியால் எடுக்க வேண்டும். இந்த ஊரில் பழகிய பைக்காரர்களின் பையில் சீப்பு இருப்பது தலை வாருவதற்கு இல்லை.

அடுத்து சக்கரம். ரிம் அலுமினியமாகவே இருக்கட்டும். கல்லில் அடித்தால் அலுமினிய ரிம் ஓரம் மடங்கும். குறடு வைத்து நிமிர்த்திக் காற்றடித்துப் பெரும்பாலும் வீட்டுக்கு வந்துவிடலாம். கார்பன் ரிம் விரிசல் விட்டால் அன்றைய பயணம் அங்கேயே முடிந்தது. வாழ்நாள் வாரண்டி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, பல கம்பெனிகள் ஒழுங்காக மாற்றியும் தருகின்றன. ஆனால் வாரண்டி வந்து மலை உச்சியில் கைகொடுக்காது. பின்சக்கரத்துக்குள் ஒரு நுரை இன்சர்ட் போட்டுவிட்டால் ரிம்முக்கும் பாதுகாப்பு, டயருக்கும் பாதுகாப்பு.

ஹப்பைப் பற்றிக் கடைகளில் யாரும் வாயே திறப்பதில்லை. இந்த ஊர் ஏற்றம் வேகமாக மிதித்து ஏறுகிற ஏற்றமில்லை. முழங்கால் உயரக் கல்படி, அதன் முன் பைக் கிட்டத்தட்ட நின்றுவிடும், பெடலைக் கால்வாசி பின்னே இழுத்து மறுபடி அழுத்திச் சக்கரத்தை மேலே ஏற்ற வேண்டும். அழுத்திய உடனே ஹப் கவ்வ வேண்டும். 36 பல் ராட்செட் (ஒரு திசையில் மட்டும் கவ்வும் பற்சக்கரம்) உள்ள ஹப் 10 டிகிரிக்கு ஒருமுறைதான் கவ்வும். கேட்கச் சின்ன எண்ணாகத் தெரியும். முன்னால் 30 பல், பின்னால் 52 பல் என்ற கடைசி கியரில் அது பெடலில் 17 டிகிரியாகப் பெருகிவிடும். அதாவது மோசமான நேரத்தில் உங்கள் கால் 5 சென்டிமீட்டர் சும்மா இறங்கிய பிறகுதான் சக்கரம் நகரும். அதற்குள் சமநிலை போய்க் கால் தரையில். 4 டிகிரியில் கவ்வும் ஹப் என்றால் அதே கியரில் 2 சென்டிமீட்டர்தான். இந்த வித்தியாசத்தைச் சமவெளியில் ஓட்டுகிறவர் கவனிக்கவே மாட்டார். நேஷனலில் ஒவ்வொரு படியிலும் தெரியும்.

பெடல் கல்லில் இடிப்பதும் இதோடு சேர்ந்த விஷயம். கிராங்க் (பெடல் மாட்டும் கை) 165 மி.மீ. போதும், உயரமானவர் என்றால் 170. 175 போட்ட பைக்கோடு ஒப்பிட்டால் 165-இல் தரைக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர் இடம் கூடும். அந்த ஒரு சென்டிமீட்டரில் எத்தனையோ விழுதல்கள் தப்பும்.

இப்போது நண்பர்களோடு நான் அதிகம் மோதும் இடத்துக்கு வருகிறேன். பாறை என்றாலே 170 மி.மீ. சஸ்பென்ஷன் உள்ள எண்டூரோ (கரடுமுரடான இறக்கங்களுக்கான) பைக்தான் வேண்டும் என்று பலர் அடித்துப் பேசுகிறார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக அமுங்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. 30 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 170-இல் 51 மி.மீ. அமுங்கும், 130-இல் 39 மி.மீ. அமுங்கும். பைக் தாழ்ந்தால் பெடல் இடிக்கும். இங்கே மேலே ஏற்றிவிட லிஃப்ட் கிடையாது, இறங்கும் ஒவ்வோர் அடியும் நாமே மிதித்து ஏறியது. மெதுவாக, கல் கல்லாகப் பார்த்து ஓட்டும் இடத்தில் பெரிய சஸ்பென்ஷன் நீங்கள் போடும் உந்துதலை எல்லாம் விழுங்கிவிடும், முன்சக்கரத்தைத் தூக்கக்கூட இரட்டிப்பு வேலை.

சஸ்பென்ஷன் பின்னால் 130 முதல் 145 மி.மீ., முன்னால் 140 முதல் 160. 29 அங்குலச் சக்கரம். இந்த வட்டத்துக்குள் எதை எடுத்தாலும் சரிதான். டெம்பியிலேயே தலைமையகம் வைத்திருக்கும் பிவட் கம்பெனியின் ஸ்விட்ச்பிளேடைப் பாருங்கள். பின்னால் 142, முன்னால் 160. எண்டூரோ ஆசை உள்ளவர்களுக்கும் அதற்குமேல் தேவையில்லை என்பது என் எண்ணம். விலை கையைக் கடிக்கும் என்றால் டிரெக் ஃபியூயல் ஈஎக்ஸின் அலுமினிய மாடல் போன்றவை அதே வேலையைச் செய்யும். கார்பன் ஃபிரேம் பலவீனமானது என்று நான் சொல்லவில்லை, நன்றாகவே தாங்கும். ஆனால் அலுமினியத்துக்கும் அதற்கும் உள்ள ஆயிரக்கணக்கான டாலர் வித்தியாசத்தை இந்த மலையில் நீங்கள் உணரப்போவதில்லை.

பிரேக் நான்கு பிஸ்டன், முன் ரோட்டர் (பிரேக் தட்டு) 200 மி.மீ., பின் 180. டிராப்பர் போஸ்ட் (ஓட்டும்போதே சீட்டை ஏற்றி இறக்கும் தண்டு) இல்லாத பைக்கைத் தொடவே வேண்டாம்.

கையில் 4,000 டாலர் இருக்கிறது என்றால் நான் இப்படிப் பிரிப்பேன். 3,000-க்குள் அலுமினிய ஃபுல் சஸ்பென்ஷன் பைக், சென்ற ஆண்டு மாடலாக இருந்தாலும் பரவாயில்லை. இரண்டு நல்ல டயர், சீலன்ட், ஒரு இன்சர்ட்டுக்கு 300. சீக்கிரம் கவ்வும் ஹப்போடு அலுமினியப் பின்சக்கரத்துக்கு 400. மிச்சத்தில் ஹெல்மெட், முழங்கால் பேட், மூன்று லிட்டர் தண்ணீர்ப் பை.

வாங்கும் முன் டெமோ பைக் எடுங்கள், வாடகை கொடுத்தாவது எடுங்கள். கார் பார்க்கிங்கில் இரண்டு சுற்று சுற்றிவிட்டு முடிவு செய்யாதீர்கள். பீமா கேன்யன் பக்கமிருந்து நேஷனலில் மேலே ஏற்றிப் பாருங்கள், வாட்டர்ஃபால் என்று சொல்லும் அந்தப் பாறைச் சரிவு வரை போனால் போதும். அங்கே ஏறத் தெரிந்தவர்களே குறைவு, இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம், தப்பில்லை. அதுவரைக்குமான ஏற்றத்தில் பெடல் எவ்வளவு இடிக்கிறது, நின்ற இடத்திலிருந்து மிதிக்கும்போது சக்கரம் உடனே நகர்கிறதா, உட்கார்ந்து ஏறும்போது முன்சக்கரம் அலைகிறதா, இந்த மூன்றை மட்டும் கவனியுங்கள். நவம்பரிலிருந்து பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நான் அந்தப் பக்கம்தான் இருப்பேன். டெமோ பைக்கோடு வருகிறவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள், கேஜும் பம்பும் கொண்டுவருகிறேன், உங்கள் எடைக்குத் தகுந்தபடி காற்றைச் சரிசெய்துகொண்டு சேர்ந்தே ஏறலாம்.