வாட்ஸ்அப்பில் மூன்றாவது டிக் கிடையாது

குடும்ப குரூப்களில் மறுபடியும் அந்த மெசேஜ் சுற்றுகிறது. மூன்று நீல டிக் வந்தால் உங்கள் செய்தியை அரசு பார்த்துவிட்டதாம், மூன்றும் சிவப்பானால் கோர்ட் சம்மன் வருமாம். இது பொய்.

வாட்ஸ்அப்பில் அதிகபட்சம் இரண்டே டிக். ஒரு சாம்பல் டிக் என்றால் செய்தி கிளம்பிவிட்டது, இரண்டு என்றால் அவர் போனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, இரண்டும் நீலமானால் படித்துவிட்டார். சிவப்பு டிக் இல்லவே இல்லை. வாட்ஸ்அப்பின் உதவிப் பக்கத்தில் நீங்களே பார்க்கலாம். மத்திய அரசின் செய்தித் துறையில் பொய்த் தகவல்களைச் சரிபார்க்கும் பிரிவான பிஐபி ஃபேக்ட் செக்கும் இதை மறுத்திருக்கிறது.

2016 முதல் செய்திகள் முழுக்கப் பூட்டப்பட்டே போகின்றன, நடுவில் அந்த நிறுவனமே படிக்க முடியாது. அதற்காக எல்லாம் ரகசியம் என்றும் நினைக்க வேண்டாம்: பெற்றவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து நாலு பேருக்கு அனுப்பலாம், பேக்கப்புக்கு, அதாவது சேமித்து வைக்கும் நகலுக்கு, தனியாகக் குறியாக்கத்தை (இதே பூட்டை) ஆன் செய்யாவிட்டால் அது அவ்வளவு பாதுகாப்பில்லை, போன் போலீஸ் கைக்குப் போனால் உள்ளே இருப்பதைப் படிக்க வழி உண்டு. உண்மையில் கவனிக்க வேண்டியது இவற்றைத்தான்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் ஒருமனதாகச் சொன்னார்கள். அப்படியிருக்க, வீட்டுப் பெரியவர்கள் இல்லாத டிக்குக்குப் பயந்து பேசவே தயங்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

தயவுசெய்து அந்த மூன்று டிக் மெசேஜை ஃபார்வர்ட் செய்யாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், சரி, அதே குரூப்பில் ‘அது தவறான தகவல்’ என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.